தண்டையார்பேட்டைக் கொல்லையில் தொட்டிச் செடிகள் ஏன் கருகுகின்றன?

எந்த உரம் போட்டால் செடிகள் தேறும் என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதியிருப்பதை முதலில் தொகுத்துக்கொள்கிறேன். தண்டையார்பேட்டையில் வீடு. வீட்டுக்கு வடக்கே கொல்லை. வடக்கு தெற்காகப் பத்து அடி, கிழக்கு மேற்காகப் பன்னிரண்டு அடி. மேற்கே பக்கத்து வீட்டின் மாடிச் சுவர். உங்கள் மாடியில் வேறு குடும்பம் குடியிருப்பதால் மொட்டை மாடி உங்களுக்கு இல்லை. தை மாதத்தில் செடி வளர்க்கும் பைகள், அதாவது குரோ பேக், இருபது வாங்கி, நர்சரியில் தந்த கலவையை நிரப்பி, போர்வெல் தண்ணீர் ஊற்றி வந்திருக்கிறீர்கள். கீரை முளைத்து நான்கு விரற்கடை வளர்ந்ததும் இலையோரம் பழுப்பேறிக் கருகுகிறது. தக்காளி பூக்கிறது, காய் பிடிப்பதில்லை. கறிவேப்பிலை இலையை உதிர்த்துக்கொண்டே இருக்கிறது. மண்புழு உரம், வேப்பம் புண்ணாக்கு, கடையில் சொன்ன 19:19:19 என்ற ரசாயன உரம் எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டீர்கள். இனி என்ன போடுவது என்பது கேள்வி. அதற்கு அடியில் இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது: இந்த ஊரில், இந்தச் சுவர்களுக்கு நடுவில், இது நடக்கிற காரியமா, விட்டுவிடலாமா? நடக்கிற காரியம்தான். உரத்தை நிறுத்துங்கள். தண்ணீரையும் வெயிலையும் பாருங்கள்.

நான் தோட்டக்கலை படித்தவன். ராயபுரம், கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் வீட்டுத் தோட்டம் போடுகிறவர்களுக்குப் பல ஆண்டுகளாக உதவி வருகிறேன். உங்கள் கொல்லையை நேரில் பார்க்கவில்லை. உங்கள் தண்ணீரைச் சோதிக்கவும் இல்லை. ஆகவே இலைக் கருகலுக்கு உப்புதான் காரணம் என்று நான் சொல்வது, நீங்கள் எழுதிய அறிகுறிகளையும் உங்கள் பகுதியையும் வைத்துச் செய்த முடிவு. அதை நீங்களே ஐந்து நிமிடத்தில் சரிபார்க்க வழி உண்டு, கீழே சொல்கிறேன். தக்காளி காய்க்காததற்கான காரணத்தில் எனக்கு அந்த அளவுக்குக்கூடத் தயக்கம் இல்லை.

முதலில் உப்பு. முதிர்ந்த இலைகளின் நுனியும் ஓரமும் முதலில் காய்ந்து, நடுப்பகுதி பச்சையாகவே நிற்பது உப்பு மிகுந்ததன் அடையாளம். சத்துக் குறைவு என்றால் பெரும்பாலும் இலை முழுவதும் வெளிறும், அல்லது நரம்புகளுக்கு இடையே மஞ்சளாகும். ஓரம் மட்டும் தீய்ந்ததுபோல் ஆவது பெரும்பாலும் உப்பினால்தான். பையின் விளிம்பிலும் மண்ணின் மேற்பரப்பிலும் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா என்று பாருங்கள். மண்தொட்டியாக இருந்தால் வெளிப்பக்கச் சுவரிலேயே அது தெரியும். மீனுக்கு உப்புத் தடவி வைத்தால் அதிலிருந்து நீர் கசிந்து வெளியேறுகிறது அல்லவா, வேருக்கும் அதே கதிதான். மண்ணில் ஈரம் இருக்கும். வேரால் அதை உறிஞ்ச முடியாது. செடி வாடுவதைப் பார்த்து இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறோம். அந்தத் தண்ணீரோடு இன்னும் கொஞ்சம் உப்பும் போய்ச் சேருகிறது.

கணக்குப் போட்டால் விளங்கும். உங்கள் போர்வெல் நீரில் லிட்டருக்கு 1500 மில்லிகிராம் உப்புகள் கரைந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நம் பகுதியில் இது அதிசயமான அளவு இல்லை. 12 லிட்டர் பைக்கு நாளொன்றுக்கு ஒரு லிட்டர் ஊற்றினால், ஒரு மாதத்தில் 45 கிராம் உப்பு உள்ளே போகிறது. நீர் ஆவியாகிவிடும், உப்பு ஆவியாகாது. நிலத்தில் நிற்கும் செடிக்கு மழை வந்து உப்பைக் கீழே இறக்கிவிடும். பைக்குள் இருப்பதற்கு, அடியில் நீர் வடியாதவரை, போக்கிடம் இல்லை. இதில் வருத்தமான செய்தி, தண்ணீரை வீணாக்காமல் அளந்து ஊற்றுகிறவர்களின் தோட்டம்தான் முதலில் கருகுகிறது. ஏனென்றால் அடியிலிருந்து ஒரு சொட்டும் வெளியேறாதபடி அவர்கள் ஊற்றுகிறார்கள். இதன் மேல் உரம் போடுவது எரிகிற இடத்தில் எண்ணெய் வார்ப்பதுதான். 19:19:19 போன்ற கரையும் உரங்கள் அத்தனையும் வேதியியலில் உப்புகளே. மண்புழு உரத்திலும் ஓரளவு உப்பு உண்டு.

வட சென்னையின் நிலத்தடி நீர் இப்படி ஆனதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. கடலோர மணற்பாங்கான நிலம். அதில் நன்னீர், உவர்நீரின் மேல் மெல்லிய அடுக்காக நிற்கும். நாம் இறைக்க இறைக்க அடியிலிருப்பதும் கடல் பக்கம் இருப்பதும் ஏறி வரும். மீஞ்சூர் பகுதியில் பாசனத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் குடிநீருக்கும் அளவு மீறி இறைத்ததால் கடல்நீர் நிலத்துக்குள் பல கிலோமீட்டர் புகுந்தது நீர்வளத் துறையினர் நீண்ட காலமாகப் பதிவு செய்துவரும் செய்தி. ஆனால் தெருவுக்குத் தெரு இது மாறும். ஒரே தெருவில் ஒரு வீட்டு போர்வெல் இனிப்பாகவும் எதிர்வீட்டில் கரிப்பாகவும் இருப்பதைப் பார்க்கலாம். அதனால் பகுதியின் பெயரை வைத்து முடிவு செய்யாமல் அளந்து பாருங்கள்.

அளப்பதற்கு, நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் என்ற பேனா அளவுக் கருவி போதும். ஆர்.ஓ. இயந்திரம் பழுதுபார்க்க வருகிறவரின் பையில் கட்டாயம் இருக்கும். சில நூறு ரூபாய்க்குக் கடையிலும் கிடைக்கும். ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் பாசன நீர் வழிகாட்டியின்படி லிட்டருக்கு 450 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் கவலை இல்லை. 450 முதல் 2000 வரை பயிரைப் பார்த்து, கவனத்தோடு பயன்படுத்தலாம். 2000ஐத் தாண்டினால் கடும் கட்டுப்பாடு தேவை. இந்த எண்கள் வயலுக்காகச் சொல்லப்பட்டவை. தொட்டியில் உப்பு விரைவில் சேரும் என்பதால், 1000ஐத் தாண்டிய நீரைத் தினசரி ஊற்ற வேண்டாம் என்பது என் சொந்த வரம்பு. நீரை அளந்த கையோடு பையின் அடியிலிருந்து வடியும் நீரையும் அளந்து பாருங்கள். உள்ளே ஊற்றியதைவிட வடிந்தது பல மடங்கு காட்டினால், இத்தனை மாதம் சேர்ந்த உப்பு அங்கே இருக்கிறது என்று பொருள்.

ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவு நீரைச் செடிக்கு ஊற்றுவது நம் வீடுகளில் பரவலான பழக்கம். நீரை வீணாக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் செய்வதுதான், ஆனால் உவர்நீர்ப் பகுதியில் தொட்டிச் செடிக்கு அது நஞ்சு. 1200 அளவுள்ள நீரில் மூன்றில் ஒரு பங்கைக் குடிநீராகப் பிரித்துவிட்டால், மீதி இரண்டு பங்கில் உப்பு ஏறக்குறைய 1800 ஆகிவிடும். அதை வாசல் கழுவவும் கழிப்பறைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

தீர்வு இரண்டு படிகள். முதலாவது, இருக்கிற உப்பைக் கழுவி வெளியேற்றுவது. 12 லிட்டர் பைக்கு 20 முதல் 25 லிட்டர் நல்ல நீரை, ஒரே அடியாகக் கொட்டாமல், அரை மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி வடிய விட வேண்டும். இருபது பைகளுக்கு இது நடைமுறையில் ஆகாது. ஆகவே பைகளை எட்டாகக் குறையுங்கள். இதைச் சொல்வதற்கு எனக்குத் தயக்கமே இல்லை: பத்துக்குப் பன்னிரண்டு அடிக் கொல்லைக்கு, கையில் உள்ள நல்ல தண்ணீரை வைத்துப் பார்த்தால், எட்டுப் பைகளை நன்றாகக் காப்பாற்றுவது இருபதைச் சாகவிடுவதைவிட வீட்டுக்கு அதிகம் தரும். இரண்டாவது படி, இனிமேல் சேராமல் பார்த்துக்கொள்வது. ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் ஐந்தில் ஒரு பங்காவது அடியில் வடிய வேண்டும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை நல்ல நீரால் பையைக் கழுவ வேண்டும். உவர்நீரை ஒருபோதும் இலைமேல் தெளிக்க வேண்டாம்; இலை வழியாகவே உப்பு ஏறித் தீய்க்கும். காலையில், மண்ணில் மட்டும் ஊற்றுங்கள்.

நல்ல நீருக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். மெட்ரோ தண்ணீர் வருகிற நாளில் இரண்டு குடம் செடிக்கு என்று ஒதுக்குவது ஒரு வழி. 2010இல் மீஞ்சூர் கடல்நீர் சுத்திகரிப்பு ஆலையும் வட சென்னைக்கு நீர் தரத் தொடங்கியது. குழாயில் வருவதையும் மீட்டரில் ஒரு முறை அளந்துகொள்ளுங்கள். அரிசியும் பருப்பும் களைந்த நீரைத் தாராளமாக ஊற்றலாம். உப்பு போட்டு மீன் அலசிய நீரை மட்டும் ஊற்றாதீர்கள். வீட்டில் ஏ.சி. இருந்தால் அதன் குழாயில் சொட்டும் நீரில் உப்பு அனேகமாக இல்லை. புழுக்கமான இரவில் பல லிட்டர் சேரும். குடிக்கத்தான் கூடாதே தவிர, விதை முளைக்கும் பருவத்துக்கு அது மிக நல்லது. நாற்றுப் பருவத்தில்தான் பெரும்பாலான காய்கறிகள் உப்புக்கு மிகவும் அஞ்சும்; எனவே நல்ல நீர் குறைவாக இருந்தால் அதை நாற்றுகளுக்கே முதலில் கொடுங்கள். பிறகு மழை. 2003இல் தமிழ்நாட்டில் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டபோது போடப்பட்ட குழாய் உங்கள் வீட்டிலும் இருக்கும். 100 சதுர அடித் தளத்தில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தாலே 90 லிட்டருக்கு மேல் வரும். குழாய் நிலத்துக்குள் போகும் முன் ஒரு பீப்பாயை இடையில் வைத்தால், ஆனி ஆடியில் மாலை நேரத்து இடிமழைகூட இரண்டு வாரத்துக்குப் பயன்படும். பீப்பாயின் வாயைக் கொசுவலையால் இறுக்கிக் கட்டிவிட வேண்டும்.

கலவையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கேயும் உப்பு ஒளிந்திருக்கலாம். கட்டியாக விற்கும் தென்னை நார்க்கழிவில், கழுவாதது என்றால், சோடியமும் பொட்டாசியமும் நிறைய இருக்கும். கட்டியை ஊறவைத்து, பிழிந்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, மறுபடி ஊறவைத்து, இப்படி மூன்று முறை அலசிய பிறகே பயன்படுத்த வேண்டும். பிழிந்த நீரை மீட்டரில் அளந்தால் எப்போது நிறுத்துவது என்று தெரிந்துவிடும். செம்மண் ஒரு பங்கு, அலசிய நார்க்கழிவு ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு என்பது நம் வெயிலுக்கு ஒத்துவருகிற கலவை. செம்மண்ணை மட்டும் நிரப்பினால் வெயிலில் செங்கல்லாக இறுகும். கடற்கரை மணலைக் கொண்டுவந்து கலக்கவே கூடாது. உங்கள் பைகளில் உள்ளதைத் தூக்கி எறிய வேண்டாம்; கழுவிய பிறகு ஒரு பங்கு புதுத் தொழுவுரம் கலந்து மீண்டும் பயன்படுத்தலாம்.

இனி வெயில். நீங்கள் கேட்காத விஷயம் இது, ஆனால் உங்கள் கொல்லையின் திசையைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான். சென்னை 13 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சி வேளையில் சூரியன் நம் தலைக்குச் சற்று வடக்கே நிற்கும். அந்த மாதங்களில் வீட்டின் வடக்குக் கொல்லையில் நண்பகல் வெயில் கொட்டும். மற்ற மாதங்களில் சூரியன் தெற்கே சாயும். டிசம்பர் கடைசியில் நண்பகலில்கூட அது ஏறத்தாழ 53 பாகை உயரத்தில்தான் நிற்கிறது. தரைத்தளமும் ஒரு மாடியும் சேர்ந்து 20 அடி உயரம் என்றால், உங்கள் வீட்டின் நிழல் அப்போது வடக்கே 15 அடி விழும். கொல்லையோ பத்தடி. அதாவது ஐப்பசி நடுவிலிருந்து மாசி தொடங்கும் வரை உங்கள் கொல்லைத் தரையில் நண்பகல் வெயில் படவே படாது. நீங்கள் தோட்டம் தொடங்கிய தை மாதம் அந்தக் காலத்துக்குள் அடக்கம்.

தக்காளியின் கதை இதில்தான் இருக்கிறது. தையில் விதைத்த நாற்று நிழலில் நெடுநெடுவென்று மெலிந்து வளர்ந்திருக்கும்; வெயில் வந்த பிறகு தேறி, சித்திரை வைகாசியில் பூத்திருக்கும். அக்னி நட்சத்திர நாட்களில் பகல் வெப்பம் 38, 40 பாகையைத் தொடுகிறது. இரவும் 27, 28க்குக் கீழே இறங்குவதில்லை. அந்தச் சூட்டில் மகரந்தம் செயலிழந்து பூ உதிரும். எந்த டானிக்கும் அதை மாற்றாது. சென்னையில் தக்காளி காய்க்கும் காலம் மார்கழி, தை, மாசி. உங்கள் கொல்லையில் வெயில் இல்லாத காலமும் அதுவே. ஆகையால் தக்காளியை விட்டுவிடுங்கள். வீட்டின் தெற்குப் பக்கம் வாசலில் இரண்டு தொட்டி வைக்க இடமிருந்தால் புரட்டாசியில் நாற்று விட்டு அங்கே வையுங்கள்.

அப்படியானால் உங்கள் கொல்லைக்கு என்ன பொருந்தும்? பொதுவான பயிர்க் காலண்டரை அப்படியே பின்பற்றாமல், உங்கள் நிழலை வைத்து ஒன்றை நீங்களே அமைத்துக்கொள்ள வேண்டும். மாசியிலிருந்து ஐப்பசி தொடக்கம் வரை வெயில் காலம். தண்ணீர் மோசமாக இருப்பதும் பெரும்பாலும் இந்தக் காலத்தின் முற்பாதியில்தான். ஆகவே உப்பைத் தாங்கும் காய்களை இதில் வையுங்கள். கொத்தவரைதான் இதில் முதலிடம். உப்பைத் தாங்குவதில் காய்கறிகளில் அதற்கு நிகரானவை மிகக் குறைவு, வறட்சியையும் தாங்கும், விதைத்து ஐம்பது நாளுக்குள் காய்க்கத் தொடங்கும். அடுத்தது காராமணி. பருப்புக்கீரை உவர்நிலத்திலும் தானாகவே முளைப்பது. அதையும் ஒரு பையில் விடலாம். தண்டுக்கீரை, முளைக்கீரை நாற்றுப் பருவத்தைத் தாண்டிவிட்டால் ஓரளவு சமாளிக்கும். கத்தரியும் மிளகாயும் இடைநிலை. நல்ல நீர் பாதியாவது கலந்து கொடுத்தால் காய்க்கும். கத்தரியை மாசிக் கடைசியில் வைத்துவிட வேண்டும், ஆடியில் வைத்தால் காய்க்கிற நேரத்தில் நிழல் வந்துவிடும். வெங்காயம், முள்ளங்கி, கேரட், பீன்ஸ் ஆகியவை உப்பை மிகக் குறைவாகத் தாங்குபவை. அவற்றை உங்கள் தண்ணீரில் முயல வேண்டாம்.

ஐப்பசி முதல் தை வரை நிழல் காலம். மழை பெய்து நீரும் நன்றாக இருக்கும் காலம். அப்போது நிழலில் தழைக்கிற கீரைகள் வேண்டும். வல்லாரை, பொன்னாங்கண்ணி, புதினா, மணத்தக்காளி, கொடிப்பசலை, கற்பூரவல்லி எல்லாம் நேர் வெயில் இல்லாமல் வெளிச்சம் மட்டும் இருந்தாலே வளரும். வெற்றிலைக் கொடிக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. கடையில் வாங்கும் பொன்னாங்கண்ணி, புதினாவின் தண்டை நட்டாலே வந்துவிடும். விதைச் செலவு இல்லை.

ஒரு விதிவிலக்கு இருக்கிறது, அதை நீங்கள் செய்து பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். டிசம்பரிலும் உங்கள் கொல்லையின் வடக்கு எல்லைச் சுவரோரத்தில் ஏறத்தாழ ஆறரை அடி உயரத்துக்கு மேல் நண்பகல் வெயில் படும். கணக்கு அப்படித்தான் வருகிறது. அந்தச் சுவரை ஒட்டி 25 லிட்டர் பையில் ஆடியில் நாட்டு அவரை விதையுங்கள். கயிறு கட்டிச் சுவருக்கு மேல் ஏற்றி விடுங்கள். நாட்டு அவரை பகல் குறுகும் காலத்தில்தான் பூக்கும்; கார்த்திகை மார்கழியில் பூத்துத் தையில் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். வேர் நிழலில், தலை வெயிலில். ஆடிப்பட்டம் தேடி விதை என்று பெரியவர்கள் சொன்னது அவரைக்கு அப்படியே பொருந்துகிறது. இப்போது ஆனி, தயார் செய்ய உங்களுக்குச் சரியான அவகாசம் இருக்கிறது.

தொட்டி எது என்பதில் அதிகம் யோசிக்க வேண்டாம். கீரைக்கு ஆழம் அரை அடி போதும், அகலம் வேண்டும். மிளகாய்க்கு 12 லிட்டர், கத்தரிக்கு 15 முதல் 20. பழைய பெயின்ட் வாளியை நன்றாகக் கழுவி அடியில் ஐந்தாறு துளை போட்டால் கத்தரிக்குத் தாராளம். காசிமேட்டில் மீன் வந்த தெர்மகோல் பெட்டிகள் மலிவாகக் கிடைக்கும். வேருக்குச் சூடு ஏறாமல் காப்பதால் வெயில் காலக் கீரைக்கு மிக நல்லவை. மீன் உப்புப் போக நாலைந்து முறை கழுவி, வெளியே சாக்குத் துணி சுற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் வெயிலில் உதிர்ந்து மணி மணியாகப் பறக்கும். நீல நிற பிளாஸ்டிக் டிரம் வாங்கும்போது மட்டும் எச்சரிக்கை: முன்பு அதில் என்ன இருந்தது என்று விற்பவரால் உறுதியாகச் சொல்ல முடியாவிட்டால் வாங்காதீர்கள். நம் பகுதியில் ரசாயனத் தொழிற்சாலைகளிலிருந்து வந்த டிரம்கள் நிறையச் சுற்றுகின்றன.

ஆலைகள் நிறைந்த மணலியும் எண்ணூரும் இவ்வளவு அருகில் இருக்கும்போது இங்கே விளைந்ததைச் சாப்பிடலாமா என்ற உங்கள் கவலை நியாயமானது. உறுதியாகச் சொல்லக்கூடியது இது: ஈயம் போன்ற உலோகங்கள் கீரைக்கு வந்து சேரும் முக்கிய வழிகளில் ஒன்று இலைமேல் படியும் தூசியும், மழையில் தெறிக்கும் மண்ணும். ஓடும் நீரில் இரண்டு மூன்று முறை அலசினால் அதில் பெரும்பகுதி போய்விடும். மண் தெறிக்காமல் இருக்கப் பையின் மேல் காய்ந்த இலை, கரும்புச் சக்கை என்று மூடாக்குப் போடுங்கள். கொல்லை மண்ணையோ காலி மனையிலும் கால்வாய்க் கரையிலும் அள்ளிய மண்ணையோ கலக்காமல், வெளியிலிருந்து வந்த செம்மண்ணைப் பயன்படுத்துவதால் தொட்டித் தோட்டம் நிலத்தோட்டத்தைவிடப் பாதுகாப்பானது. பொதுவாக வேரிலும் இலையிலும் சேரும் அளவுக்குக் காயில் உலோகம் சேராது. சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டில் காய்களுக்குக் கூடுதல் இடம் கொடுப்பது நல்லது. கழுவினால் போகாதது, வேர் வழியாக உள்ளே ஏறியது. காட்மியத்தைக் கீரை வகைகள் ஓரளவு உறிஞ்சும். உங்கள் பையில் அது இருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்து எவராலும் சொல்ல முடியாது. ஆய்வகத்தில் மண்ணைக் கொடுத்துத்தான் அறிய முடியும். ஆலைச் சுவரை ஒட்டிய தெருக்களில் இருப்பவர்களுக்கு அந்தச் சோதனையை நான் வற்புறுத்துவேன். உங்கள் இடத்துக்கு, மண் வெளியிலிருந்து வந்திருந்தால், அலசிச் சாப்பிடுங்கள் என்பதே என் கருத்து.

வெள்ளம் மட்டும் வேறு விஷயம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது எண்ணெய் கலந்த வெள்ளம் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரை பரவி, கரையோர வீடுகளுக்குள்ளும் புகுந்தது. அப்படிப்பட்ட நீரோ சாக்கடை நீரோ பைக்குள் ஏறிவிட்டால் அந்தக் கீரையைச் சாப்பிடக் கூடாது. கலவையையும் மறுபடி பயன்படுத்தக் கூடாது. ஐப்பசி பிறக்கும் முன் பைகளைச் செங்கல்லின் மேலோ இரும்புத் தாங்கியின் மேலோ ஏற்றிவிடுங்கள். சென்னையின் ஆண்டு மழை ஏறத்தாழ 1400 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் பெய்துவிடுகிறது. அந்த மழை பையிலுள்ள உப்பை எல்லாம் இலவசமாகக் கழுவித் தரும். கூடவே தழைச்சத்தையும் கழுவிக்கொண்டு போகும். கார்த்திகையில் அடியிலைகள் மஞ்சளானால் அப்போது ஒரு கைப்பிடி மண்புழு உரம் போடுங்கள். உரம் வேலை செய்கிற நேரம் அதுதான். தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள். தேங்கும் நீரில் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர ஒரு வாரம், பத்து நாள் போதும். மாநகராட்சிப் பணியாளர்கள் வந்து தட்டைக் கவிழ்க்கச் சொல்வதற்கு முன் நாமே கவிழ்த்துவிடலாம்.

நீங்கள் பட்டியலிட்டிருந்த வீட்டு மருந்துகளில், முட்டை ஓட்டுத் தூளில் சுண்ணாம்புச் சத்து இருப்பது உண்மை. ஆனால் அது கரைந்து செடிக்குக் கிடைப்பது மிக மெதுவாக. தக்காளிக் காயின் அடி கறுத்து அழுகுவதற்கு ஒழுங்கில்லாமல் நீர் ஊற்றுவதும் உப்பும்தான் பெரும்பாலும் காரணம். வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசலோடு, மாலையில் தெளிப்பது அசுவினிக்கும் இளம் மாவுப்பூச்சிக்கும் கேட்கும்; முதிர்ந்த மாவுப்பூச்சியை நீரைப் பீய்ச்சி அடித்துத்தான் இறக்க வேண்டும். பஞ்சகவ்யத்தையும் மீன் அமிலத்தையும் பலர் நம்பிப் பயன்படுத்துகிறார்கள், பலன் கண்டதாகச் சொல்கிறார்கள். நானும் நல்ல செடிகளைப் பார்த்திருக்கிறேன். ஆனால் வீட்டுக்கு வீடு தயாரிப்பு மாறுவதால், இந்த அளவு போட்டால் இந்தப் பலன் என்று அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன். மீன் அமிலம், எலும்புத் தூள், கடலைப் புண்ணாக்கு மூன்றுக்கும் இன்னொரு விலை உண்டு: பெருச்சாளி. வாசனைக்கு வந்து இரவோடு இரவாகப் பையைத் தோண்டிவிடும். போடுவதானால் மண்ணுக்கு மேல் கம்பி வலை வைத்து மூடுங்கள்.

கடைசியாகக் கறிவேப்பிலை. காப்பாற்ற முடியுமா என்று தனியாகக் கேட்டிருந்தீர்கள். தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை இருந்தால் முடியும். இந்த வாரமே நல்ல நீரால் பையைக் கழுவி, பிற்பகல் வெயில் படாத மேற்குச் சுவரோரம் நகர்த்தி வையுங்கள். இப்போது தொட்டி மாற்ற வேண்டாம். ஆடி பிற்பாதியில் ஒரு மழை பெய்த பிறகு, தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் வெட்டிவிட்டு, 14 அங்குல மண்தொட்டிக்கு வேர்ப்பந்து உடையாமல் மாற்றுங்கள். துளிர் வரும்வரை உரம் எதுவும் வேண்டாம். துளிர்த்த பின் உப்புப் போடாத புளித்த மோரைப் பத்து மடங்கு நீரில் கலந்து மாதம் ஒரு முறை ஊற்றலாம். கறிவேப்பிலை வளர்க்கிறவர்கள் காலம் காலமாகச் செய்வது, கெடுதல் இல்லை. அதற்கு மட்டும் போர்வெல் நீரை அறவே நிறுத்திவிட்டு, அரிசி களைந்த நீரையும் ஏ.சி. நீரையும் கொடுங்கள். புதிதாக எட்டுப் பத்து இணுக்கு முற்றும்வரை ரசத்துக்குக்கூட அதிலிருந்து கிள்ளாதீர்கள்.